கீழ்வீட்டு மீட்டர்

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. தெருவில் யாராவது பள்ளம் தோண்டினால்கூட எட்டிப் பார்த்து, எதற்கு, எவ்வளவு ஆழம், எப்போது மூடுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் காய்கறி வாங்கப் போவேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ" என்பார் என் கணவர். சில நாள் அதைப் பெருமையாகச் சொல்வார், பல நாள் எரிச்சலாக.

நாங்கள் முடிச்சூரில் ஒரு தனி வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். கீழ்ப்பகுதியில் இருப்பவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்களில் யார் மூத்தவள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் ஒருத்தி நஷ்டப்படுவாள் இல்லையா? பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை. கணவர் தவறிவிட்டார். ஒரே மகளைப் பல்லாவரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். போன மார்கழியில் அந்தப் பெண் நிறைமாதமாகத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

ஒருநாள் காலை நான் படியிறங்கும்போது, அக்கா ஒரு ஸ்டூலில் ஏறி நின்று மெயின் சுவிட்சை இறக்கிக்கொண்டிருந்தாள். பெருவெள்ளத்தில் எங்கள் தெருவே மூழ்கிய பிறகு, இரண்டு வீட்டு மீட்டரையும் மெயினையும் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டிவிட்டார்கள். ஏதோ ரிப்பேர் என்று நினைத்துக் கடந்து போனேன். மறுநாளும் அதையே செய்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால், அந்தப் பெண் ஜன்னலோரம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து அட்டையால் கொசு விரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, நிறைமாசப் பொண்ணை கரண்ட் இல்லாம உக்கார வெச்சுட்டுப் போறீங்க?"

"இன்னாக்கா பண்ணச் சொல்றீங்க? பில்லு ஏறிக்கினே போது. வெயில் காலத்துல ஏறிச்சு, சரி, ஃபேனு ஓடுதேன்னு நெனச்சேன். மழ வந்துங் கொறையல. கம்மல அடகு வெச்சு ஒரு பில்லு, கைமாத்து வாங்கி ஒரு பில்லு. இப்ப வந்துகீறது அத்தயும் தூக்கி சாப்ட்டுச்சு. ஒரே பேஜாராக் கீதுக்கா."

பில்லை வாங்கிப் பார்த்தேன். அம்மாடி! எங்களுக்கு ஏசி இருக்கிறது, கீசர் இருக்கிறது, துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது. எங்கள் பில்லோடு தோளுரசி நின்றது அவள் பில். அவள் வீட்டில் இருப்பதோ இரண்டு ஃபேன், ஒரு டிவி, தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ரெண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால் ரேட்டே வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு ஃபேனை வைத்துக்கொண்டு ஐந்நூறை எப்படித் தாண்ட முடியும்? அதுதான் எனக்குப் புரியவில்லை. தலை குடைய ஆரம்பித்துவிட்டது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "இந்தத் தடவை நான் கட்டறேன்க்கா, அப்புறம் மெதுவா குடுங்க" என்றேன்.

அவள் தலையாட்டவே இல்லை. "இந்தத் தபா நீங்க கட்டுவீங்க. அடுத்த தபா? இந்த மீட்டரு வாய யாரு கட்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என் கவல அது இல்லக்கா. நாள் தாண்டிட்டா ஃப்யூஸ் புடுங்கிருவான். கரண்டு இல்லாத வூடுன்னு தெரிஞ்சா, சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிலேர்ந்தே புள்ளையயும் பொண்ணயும் பல்லாவரத்துக்கு இட்டுக்கினு பூடும். அங்க ஒரே ரூம்பு, அத்தினி பேரு. எம்பொண்ணு அழுவுது, அம்மா நான் உங்கிட்டயே இருக்கேம்மான்னு. தலப்பிரசவம் பாக்கத் துப்பில்லாதவன்னு காலத்துக்கும் பேச்சு வாங்கணும். இத்தயாவது நான் பாத்துடணும்க்கா."

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பணம் கொடுத்து முடிக்கிற காரியம் இல்லை இது, அந்தக் கரண்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிற காரியம் என்று அப்போதே தோன்றிவிட்டது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஸ்டூலைப் போட்டு நான் ஏறினேன். இந்தக் காலத்து மீட்டரில் சக்கரம் சுற்றுவதில்லை. ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரியும். கரண்ட் அதிகமாகப் போனால் வேகமாகத் துடிக்கும், குறைந்தால் மெதுவாக. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுவும் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டது. "எல்லாத்தையும் அணைங்க" என்றேன். அக்கா ஒவ்வொன்றாக அணைத்தாள், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினாள். புள்ளி துடித்தது. மெயினை இறக்கினேன். வீடு முழுக்க செத்துவிட்டது. ஆனால் புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னாக்கா இது, யாரப் பாத்து கண்ணடிக்குது?" என்றாள் அக்கா கீழே நின்று. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிக்குப் பைத்தியம் பிடித்தது. அதுவரை நிதானமாக இருந்தது, திடீரென்று படபடவென்று அடித்துக்கொண்டது. கீழ்வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை, மெயினே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால்? மாடிப் பக்கம் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். மாடிப்படியில் பாதி ஏறி, "கீசரை அணைங்க!" என்று கத்தினேன்.

"சோப்பு போட்டுட்டிருக்கேண்டி!"

"பரவாயில்ல, அணைங்க!"

என்ன நினைத்தாரோ, அணைத்தார். ஓடிவந்து பார்த்தேன், புள்ளி சாதுவாகிவிட்டது. மறுபடியும் போடச் சொன்னேன். படபடவென்று அடித்தது. போடு, அணை, போடு, அணை என்று நான் கத்த, அவர் மேலிருந்து திட்ட, எனக்கோ புதையல் எடுத்த சந்தோஷம். "பாத்தீங்களாக்கா!" என்று திரும்பினேன்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மாடியில் வெந்நீர் போட்டால் தன் மீட்டர் ஓடுகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் கணவர் ஈரத்தலையோடு இறங்கி வந்தார், மூக்குக்கு மேல் கோபம். "நாம என்ன அவங்க கரண்டைத் திருடறோமா? கெடு தவறாம நம்ம பில்லைக் கட்டறோம். கீசர் போட்டா நம்ம மீட்டரும்தான் ஓடுது, நீயே பாரு." பார்த்தேன். ஓடத்தான் செய்தது, சரியாகவே ஓடியது. அங்கேதான் மண்டை வெடித்தது. ஒரே வெந்நீர், ஒரே கீசர், எப்படி இரண்டு மீட்டரில் கணக்காகும்? திருட்டு என்றால் ஒன்றில் குறைய வேண்டுமே? ஒரு லிட்டர் பாலை வாங்கி இரண்டு வீட்டிலும் காசு கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

நான் யோசித்து முடிப்பதற்குள் மற்றதெல்லாம் நடந்துவிட்டது. கெடு தாண்டியதும் லைன்மேன் வந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, "சாரிம்மா" என்று வேறு சொன்னார். அதே வாரத்தில் பெண்ணுக்கு வலி எடுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். எடை மட்டும் கொஞ்சம் குறைவு. நான் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போனபோது நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்: குழந்தைக்குச் சில்லென்று ஆகக் கூடாது, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், துணி உலர்ந்ததாக இருக்கட்டும், அறை கதகதப்பாக இருக்கட்டும்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் இல்லை, நியாயத்தைத்தான் பேசினாள். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காத. உன் வூடு கீழ் வூடு, ஓதம் ஏறிக் கெடக்குது. கால வெச்சா சில்லுன்னு கீது. கரண்டும் இல்லன்றாங்க. பச்சப்புள்ளைக்கு ராவுல வென்னி வெக்கணும், ஈரத்துணி காயணும். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள்.

மகள் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"டிஸ்சார்ஜுக்குள்ள கரண்ட் வந்துடும்" என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலையே முடிச்சூர் ரோட்டிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து வந்தேன். துணி துவைத்துப் போட அக்காவும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் மீட்டர் பலகையைப் பார்த்தார், மாடியில் கீசர் போட்டால் இந்த மீட்டர் ஓடுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டார், உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "இது சிம்பிள்க்கா. மேல் வூட்டுக்காரங்க உங்க லைன்ல கொக்கி போட்டுக்கினு கீறாங்க." நான்தான் அந்த மேல் வீட்டுக்காரி என்று அவருக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு மானமே போயிற்று.

"நானே மேல் வீடு. வாங்க, வந்து எங்க வீட்டை முழுசா திறந்து பாருங்க" என்று அவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகக் கழற்றினார். கொக்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டே கீழே வந்து அக்காவின் சமையலறை போர்டைக் கழற்றினார். "இதென்ன, கறுப்பு ஒயரு ஒண்ணு ஜாஸ்தியாக் கீது?" என்று சொல்லி அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

பின்கட்டில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் குலுங்கியது.

குழந்தைக்காகப் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துப் போட்டிருந்தாள் அக்கா. அந்தத் துண்டுகள் கொடியில் வரிசையாக ஆடின. காற்றே இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "இன்னொரு தடவை இழுங்க" என்றேன். இழுத்தார். மறுபடியும் ஆடின. அக்கா வாயில் கை வைத்தாள். "ஐயோ, என் கொடி!"

மூவரும் பின்னால் ஓடினோம். சமையலறை வெண்டிலேட்டரிலிருந்து புறப்பட்டு, சுவரோரத்து இரும்புக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, அங்கிருந்து எங்கள் பால்கனிக்கு ஏறி, எங்கள் துணி மெஷினுக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய சுவிட்ச் பெட்டிக்குள் போயிருந்தது அந்தக் கறுப்பு ஒயர். எலக்ட்ரீஷியன் மேலே போர்டு போர்டாகத் தேடியபோது அந்தப் பெட்டி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாக நான் அந்தக் கொடியைத் தினமும் மேலிருந்து பார்க்கிறேன்! அதில் பறந்து போய் விழுந்த எங்கள் வீட்டுத் துண்டை எத்தனை தடவை கேட்டு வாங்கியிருக்கிறேன்!

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. வெள்ளம் வடிந்து கரண்ட் திரும்பியபோது, மாடிக்கு முதலில் வந்துவிட்டது. கீழே சுவரெல்லாம் ஊறிக் கிடந்ததால் கொடுக்க முடியாது என்றார்கள். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடட்டும், சேறாவது காயட்டும் என்று என் கணவரும், அப்போது உயிரோடிருந்த அக்காவின் கணவரும் சேர்ந்து பால்கனியிலிருந்து சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு ஒயர் இழுத்துவிட்டார்கள். கீழ்வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் எடுக்கப் போனார்கள். சிவப்பை வெட்டிச் சுருட்டியாகிவிட்டது. கறுப்பை வெட்டப்போன நேரத்தில் அக்கா தடுத்தாள்: "அத்த விடுங்கண்ணா, அதுலதான் கரண்டு இல்லியே. துணி காயப்போட்டுக்கறேன்." சரிதானே என்று இரண்டு ஆண்களும் தலையாட்டினார்கள். கறுப்பில் கரண்ட் வராது என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நானும் அருகில் நின்று இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள், தொய்கிறது என்று யோசனை சொன்னேன். கறுப்பு ஒயரின் இரண்டு முனையும் மேலும் கீழும் போர்டுக்குள் முடுக்கியபடியே இருந்துவிட்டன.

நின்ற இடத்திலேயே எனக்கு ஒரு பக்கம் உச்சி குளிர்ந்தது, இன்னொரு பக்கம் அழுகை வந்தது. எலக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரை எடுத்தார். "இருங்கண்ணா" என்றாள் அக்கா. குழாயில் சுற்றியிருந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது அவள் கணவர் போட்ட முடிச்சு. பிறகு துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "ம், வெட்டுங்க" என்றாள்.

வெட்டியாயிற்று, ஆனால் எனக்குக் காரணம் வேண்டுமே. மின்வாரிய செக்ஷன் ஆபீசுக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கே உதவிப் பொறியாளராக இருந்தது ஓர் இளம் பெண். வெட்டிய ஒயரை நான் பைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்ததும் அவர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். கரண்ட் ஒரு ஒயரில் வீட்டுக்குள் போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. போனது எவ்வளவோ வந்ததும் அவ்வளவு இருக்க வேண்டும். சிலர் திருட்டுத்தனமாக ஒரு பக்கத்தைக் குறைத்துக் காட்டுவார்கள் என்பதால், இந்த மீட்டர் இரண்டு பக்கத்தையும் பார்த்து, எது அதிகமோ அதைத்தான் எழுதிக்கொள்ளும். எங்கள் கரண்ட் எங்கள் மீட்டர் வழியாகப் போகிறது, அதனால் எங்கள் கணக்கு சரி. ஆனால் திரும்பும்போது அந்தக் கொடி ஒயரால் இரண்டு வழி கிடைத்ததால் பாதி அக்காவின் மீட்டர் வழியாகத் திரும்பியிருக்கிறது. அவள் மெயின் கறுப்பைத் துண்டிப்பதில்லை, சிவப்பை மட்டும்தான்; அதனால்தான் அதை இறக்கியும் புள்ளி துடித்திருக்கிறது.

"அப்போ இவங்க எவ்வளவு சிக்கனமா இருந்தாலும்..." என்றேன்.

"பிரயோஜனம் இல்லம்மா. இவங்க கம்மியா எரிச்சதாலதான் உங்களோடது அதிகமா தெரிஞ்சு ஏறியிருக்கு. நீங்க ஏசி எப்போ போட்டீங்க?"

"போன வெயிலுக்கு" என்றேன். அக்காவின் பில் ஏற ஆரம்பித்ததும் அப்போதுதான். திருடனுக்குப் பயந்து செய்த மீட்டர், திருடாத ஒருத்தியைப் பிடித்துக்கொண்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஓடிய யூனிட்டைத் திருப்பித் தர வழியில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். மீட்டருக்கு இந்தப் பக்கம் நடந்தது எங்கள் ஒயரிங், எங்கள் பொறுப்பு. ஆனால் இந்த பில்லைத் தவணையில் கட்ட மனு எழுதிக் கொடுத்தால், முதல் தவணை கட்டியதும் ஃப்யூஸைப் போடச் சொல்கிறேன் என்றார். வெளியே மரத்தடியில் நின்று நான் மனு எழுதினேன். எழுதி முடித்து, தயங்கித் தயங்கி, "அக்கா, முதல் தவணையை நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்கதான் கட்டணும்" என்றாள்.

நான் திகைத்துப் போனேன். மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அது நீங்க எரிச்ச கரண்டுக்கா. அன்னிக்கு வேணான்னது, அது ஒதவி. இது அது இல்ல. வெயில் காலத்துல ஏறினதும் கீதுல்ல, அத்தயும் அண்ணனப் பாத்து வெக்கச் சொல்லுங்க. ஆனா பாதிதான். என் ஃபேனு ஓடினத நான் கட்டிக்குவேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அன்று மாலை என் கணவர் பழைய பில்லையெல்லாம் போனில் தேடி எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே கூட்டிக் கழித்தார். முணுமுணுப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பிறகு அவரே கீழே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அக்காவின் கம்மல் திரும்பி வந்தது அந்தப் பணத்தில்தான்.

டிஸ்சார்ஜ் அன்று விடிந்ததும் லைன்மேன் ஃப்யூஸைப் போட்டுவிட்டுப் போனார். சம்பந்தியம்மா வருவதற்குள் நாங்கள் இருவரும் வீட்டைக் கதகதப்பாக்கும் வேலையில் இறங்கினோம். கரண்ட் வந்துவிட்டது என்பதற்காக அதை அள்ளிக் கொட்ட முடியுமா? அதனால் எனக்குத் தோன்றியதையெல்லாம் செய்தேன். ஓதமேறிய தரையில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் கோணி, அதன்மேல் பாய், அதன்மேல் ஜமக்காளம் போட்டோம். கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தோம். கட்டிலை ஈரச்சுவரை விட்டு இழுத்து, காலை வெயில் விழும் ஜன்னல் பக்கம் போட்டோம். கிழித்த வேட்டித் துண்டுகளைப் புது நைலான் கொடியில் போட்டு, கீழே ஃபேனை வைத்துக் காயவைத்தோம். நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபேன் ஒன்று ஓடுவதற்கு எவ்வளவு நிதானமாகத் துடிக்க வேண்டுமோ அவ்வளவு நிதானமாகத் துடித்தது. மேலே கீசரைப் போடச் சொல்லிக் கத்தினேன். இந்த முறை அவர் திட்டவில்லை, உடனே போட்டார். சிவப்புப் புள்ளி தன் நிதானத்தை விட்டு அசைந்து கொடுக்கவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. மகள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே சம்பந்தியம்மாவும் இறங்கினாள். ஆட்டோக்காரரை அனுப்பவில்லை, "ஒரு நிமிஷம் இருப்பா" என்றாள். அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஜமக்காளத்தை அழுத்திப் பார்த்தாள். சுவரைத் தொட்டாள். கடைசியில் சுவிட்சைப் போட்டாள். ட்யூப்லைட் எரிந்தது.

அக்கா யாரையும் பார்க்காமல் குளியலறைக்குப் போய், பில்லுக்குப் பயந்து இத்தனை நாள் தொடாமலே வைத்திருந்த ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் இறக்கிப் பிளக்கைச் சொருகினாள். தண்ணீர் மெல்லச் சத்தம் போட ஆரம்பித்தது. அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சம்பந்தியம்மா குளியலறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். அவளும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவள்தானே. "இன்னா சம்பந்தி, ராடு போட்டுக்கினு? பில்லு எகிறிடப்போது. அடுப்புலயே ஒரு கொதி விட்டா ஆவாதா?" என்றாள்.

"ஆவும்" என்றாள் அக்கா. "நாளைலேர்ந்து அடுப்புலயே வெக்கறேன். இன்னிக்கு ஒரு வாட்டி காயட்டும் சம்பந்தி. இது எங்க வூட்டுக் கரண்டு."

சம்பந்தியம்மா வெளியே எட்டி, "நீ போப்பா" என்று ஆட்டோவை அனுப்பினாள்.